தொகை கொடுத்தோம், தொடர்பை விட்டோம்

அடிப்படை அறிவியல் படிப்புக்கு இளம் வயதிலேயே நல்ல மாணவர்களை ஈர்க்க வேண்டும் என்பதற்காக மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறை 1999-ம் ஆண்டு ஓர் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. கிஷோர் வைக்யானிக் புரோத்சாஹன் யோஜனா என்பது அதன் முழுப் பெயர். கே.வி.பி.ஒய். என்றால்தான் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் தெரியும். பணம் தில்லியிலிருந்து வந்தது. தேர்வு நடத்துவது, நேர்காணல் செய்வது, உதவித்தொகை வழங்குவது ஆகிய பணிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

2022-ம் ஆண்டு இத்திட்டம் முடிவுக்கு வந்தது. நிறுத்தவில்லை, இன்ஸ்பயர் என்ற மற்றொரு திட்டத்துடன் இணைத்துவிட்டோம் என்பது அரசுத் தரப்பு விளக்கம். இணைப்பு என்று எவ்வளவு நாகரிகமாகச் சொன்னாலும், அதன்பின் அந்தத் தேர்வு நடைபெறவில்லை என்பதே நடைமுறை உண்மை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த ஒரு தேசியத் திட்டம் ஓர் அறிவிக்கையோடு மறைந்துபோனது. நாடாளுமன்றம் அதிரவில்லை. நாளிதழ்களில் கல்விப் பக்கத்து மூலையில் இடம்பெற்ற செய்தியாக அது முடிந்துபோயிற்று.

இந்தத் திட்டத்தை ஒழித்தது சரியா, தவறா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இதனால் பயன்பெற்றவர்கள் எங்கே போனார்கள்? முதல் அணியினர் இன்று நாற்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். ஆய்வகங்களில், பல்கலைக்கழகங்களில், மென்பொருள் நிறுவனங்களில், வெளிநாடுகளில் அவர்கள் பரவிக் கிடக்கிறார்கள். ஆனால், அவர்கள் அனைவரையும் ஒரே இழையில் கோக்கும், நாடறிந்த அமைப்பு எதுவும் கிடையாது. திட்டம் மூடப்பட்டபோது, இதனால் நான் விஞ்ஞானியானேன் என்று கூட்டாக எழுந்து நின்று சொல்ல ஒரு மேடைகூட அவர்களுக்கு இருக்கவில்லை.

அரசு இவர்களுக்காகச் செலவழித்தது சிறு தொகையல்ல. திட்டத்தின் பிற்கால விகிதப்படி இளநிலைப் படிப்புக்கு மாதம் ரூ. 5 ஆயிரம், இதரச் செலவுக்கு ஆண்டுக்கு ரூ. 20 ஆயிரம். முதுநிலையில் மாதம் ரூ. 7 ஆயிரம், ஆண்டுக்கு ரூ. 28 ஆயிரம். ஐந்தாண்டுகள் முழுமையாகப் பெற்ற ஒரு மாணவருக்கு ரூ. 4.64 லட்சம் என்று கணக்கு வருகிறது. அத்துடன் விஜ்யோஷி என்ற பெயரில் தேசிய அறிவியல் முகாம்களும் நடத்தப்பட்டன. முன்னணி விஞ்ஞானிகளை நேரில் பார்த்துப் பேச அந்த முகாம்கள் வழிசெய்தன. அசாம் மாணவரும் திருநெல்வேலி மாணவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே உரையைக் கேட்டார்கள். முகாம் முடிந்ததும் அவரவர் ஊருக்கு ரயிலேறினார்கள். அரசின் அக்கறை அந்த ரயில் நிலையத்தோடு முடிந்துவிட்டது.

உதவித்தொகை என்பது பணம் மட்டுமல்ல என்பதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1913-ம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. அந்தத் தொகைக்குப் பின்னால் எத்தனை மனிதர்கள் இருந்தார்கள்! நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் நாராயண ஐயர், அதன் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்று ஒருவர் மற்றொருவரிடம் சொல்லி, கடிதம் எழுதி, கதவுகளைத் தட்டியதால்தான் அந்த 75 ரூபாய் வந்தது. அதற்கு முன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறியதால் அவர் உதவித்தொகையை இழந்தபோது, அப்படித் தாங்கிப்பிடிக்க எவரும் இல்லை.

அம்பேத்கரின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில் 1913-ம் ஆண்டு அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். படிப்பு முடிந்ததும் பரோடா சமஸ்தானத்தில் பத்தாண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917-ம் ஆண்டு ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வந்து சேர்ந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. அடையாளத்தை மறைத்துக்கொண்டு ஒரு பார்சி விடுதியில் தங்கினார். சாதி தெரிந்ததும் தடியுடன் வந்து வெளியேற்றினார்கள். சில நாள்களிலேயே அந்த நகரத்தைவிட்டு அவர் வெளியேற வேண்டியதாயிற்று. மன்னரின் கருவூலம் அவரைக் கடல் கடந்து அனுப்பியது. திரும்பி வந்தவருக்கு ஒரு கூரையைத் தர அந்த ஊரில் ஆள் இல்லை. அதே கருவூலத்தின் உதவியில் படித்துத் திரும்பிய பத்துப் பேர் ஓர் அணியாக அங்கே இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா? சாதியின் பிடி அப்போதும் தளர்ந்திருக்காது. ஆனாலும் இரவில் போய்த் தட்ட ஒரு வீட்டுக் கதவாவது இருந்திருக்கும்.

கே.வி.பி.ஒய். திட்டத்தின் பெரிய குறையும் இங்கேதான் தொடங்குகிறது. தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடைபெற்றது. இந்தி பேசும் மாநிலத்து மாணவர் தாய்மொழியில் எழுதலாம். தமிழ் வழியில் படித்த மாணவரால் முடியாது. இதை எதிர்த்து 2021-ம் ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடரப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் நடைபெற வேண்டிய தேர்வு தள்ளிப்போய், 2022 மே மாதம் நடந்தது. மொழிப் பிரச்னைக்குத் தீர்வு வரும் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்குக் கிடைத்த விடை, தேர்வே இனி இல்லை என்பது. நல்ல தீர்வு!

மொழி ஒரு தடை என்றால், தகவல் இல்லாமை மற்றொரு தடை. இப்படியொரு தேர்வு இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் யார்? தனியார் பயிற்சி மையங்களில் சேர்ந்தவர்கள், பெற்றோர் பேராசிரியர்களாகவோ அதிகாரிகளாகவோ இருந்த வீட்டுப் பிள்ளைகள். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கு ஒத்திகையாக இதை எழுதியவர்களும் ஏராளம். தேர்ச்சி பெற்றபின் பொறியியலுக்குப் போய்விட்ட அவர்கள், அடிப்படை அறிவியல் படிப்போருக்கான இந்த உதவித்தொகையைத் தொடவே இல்லை. அறிவியல் மீது உண்மையான ஆர்வம் கொண்ட அரசுப் பள்ளி மாணவருக்கோ விண்ணப்பத்தின் கடைசித் தேதி முடிந்தபின்தான் செய்தி எட்டியது.

இந்தத் தகவல் இடைவெளியை அரசு விளம்பரங்களால் நிரப்ப முடியாது. அதே பள்ளியில், அதே மொழியில் படித்து, அதே உதவித்தொகையைப் பெற்ற ஒருவர் வந்து சொன்னால்தான் மாணவருக்கு நம்பிக்கை பிறக்கும். விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, நேர்காணலில் என்ன கேட்பார்கள், ஆங்கிலம் திணறினால் என்ன செய்வது, விடுதியில் முதல் ஆறு மாதத்தை எப்படித் தாண்டுவது என்பதெல்லாம் எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாதவை. படித்த குடும்பங்களில் இவை சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே கைமாறுகின்றன. முதல் தலைமுறையாகப் படிக்க வருபவருக்கு அந்தப் பேச்சை யார் கொடுப்பது?

முன்னாள் பயனாளிகளின் இணையவழிக் கூட்டமைப்பு தேவை என்று வலியுறுத்துவதற்கு இதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம் அரசியல் சார்ந்தது.

கடந்த சில ஆண்டுகளில் உதவித்தொகைத் திட்டங்களுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022-23-ம் ஆண்டிலிருந்து நிறுத்தப்படுவதாக நாடாளுமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. இன்ஸ்பயர் உதவித்தொகை பல மாதங்களாக வந்து சேரவில்லை என்று ஆய்வு மாணவர்கள் 2024, 2025-ம் ஆண்டுகளில் பகிரங்கமாக முறையிட்டார்கள். தாழ்த்தப்பட்ட மாணவர்கள் வெளிநாடு சென்று படிப்பதற்கான தேசிய உதவித்தொகைக்கு 2025-ம் ஆண்டு 106 பேர் தேர்வானார்கள். முதலில் 40 பேருக்கு மட்டுமே தாற்காலிக ஆணை கிடைத்தது. நிதி இருந்தால் மற்றவர்களுக்கும் என்றது அரசு. சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் 22 வயது மாணவரால் தில்லி சாஸ்திரி பவனின் கதவை எத்தனை முறை தட்ட முடியும்? கொடுக்கும் கையை எதிர்த்து அவர் எப்படிப் பேசுவார்? பேச வேண்டியவர்கள் முன்பே அந்தத் தொகையைப் பெற்றுப் படித்து, இன்று சொந்தக் காலில் நிற்பவர்கள்தான். அவர்களுக்கு இழப்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் இருக்கிறார்கள்.

ஆக்ஸ்போர்டில் படிக்க வகைசெய்யும் ரோட்ஸ் உதவித்தொகையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏகாதிபத்தியவாதி ஒருவரின் பணத்தில் பிறந்தது அது. அந்தக் கறை இன்றும் போகவில்லை. ஆனால் முதல் மாணவர்கள் 1903-ம் ஆண்டு போய்ச் சேர்ந்தார்கள் என்றால், 1914-ம் ஆண்டிலேயே அமெரிக்க ரோட்ஸ் மாணவர்கள் தங்களுக்கென ஓர் இதழைத் தொடங்கிவிட்டார்கள். பெங்களூரில் வாழ்ந்த நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் 1960-களின் தொடக்கத்தில் ரோட்ஸ் மாணவராக ஆக்ஸ்போர்டில் படித்தவர். அவர் 2019-ம் ஆண்டு மறைந்தபோது வெளியான இரங்கல் குறிப்புகளில் அந்த அடைமொழி தவறாமல் இடம்பெற்றது. நம் அரசின் உதவித்தொகை பெற்ற எத்தனை பேருக்கு அப்படியோர் அடைமொழி ஒட்டியிருக்கிறது?

வசதி படைத்தவர்களின் குழு என்று ரோட்ஸை ஒதுக்கிவிடலாம். ஃபோர்டு அறக்கட்டளையின் சர்வதேச உதவித்தொகைத் திட்டத்தை அப்படி ஒதுக்க முடியாது. 2001 முதல் 2013 வரை இந்தியா உள்பட 22 நாடுகளில், சமூகத்தின் விளிம்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்து உயர்கல்விக்கு அனுப்பிய திட்டம் அது. 4,300-க்கும் மேற்பட்டோர் பயன்பெற்றனர். திட்டம் முடிந்தபின் அவர்களை மறந்துவிடவில்லை. என்ன செய்கிறார்கள், ஊருக்குத் திரும்பினார்களா, அவர்களால் அங்கே என்ன மாறியது என்று பத்தாண்டுக் காலத் தொடர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தார்கள். தனியார் அறக்கட்டளை செய்ததை, மக்களின் வரிப்பணத்தில் திட்டம் நடத்திய அரசு செய்யக் கூடாதா?

கூட்டமைப்பை அமைப்பதில் தொழில்நுட்பம் ஒரு பொருட்டே அல்ல. உலகத்துக்கே மென்பொருள் எழுதும் நகரம் பெங்களூர். இதற்குத் தேவையான இணையதளத்தை இரண்டு மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடுவார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. யாருடைய முகவரியையும் அவர் சம்மதமின்றி மற்றொருவரிடம் தர முடியாது. 2023-ம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கும். எனவே வெளியார் எவரும் இதைத் தொடங்க இயலாது. ஆவணங்களை வைத்திருக்கும் நிறுவனமே ஒவ்வொருவருக்கும் எழுதி, விருப்பம் கேட்டு, சம்மதித்தவர்களை மட்டும் சேர்க்க வேண்டும். காலமும் குறைவு. பதினேழு வயதில் விண்ணப்பத்தில் எழுதிய மின்னஞ்சல் முகவரியை முப்பத்தைந்து வயதில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பட்டியல் செத்துக்கொண்டிருக்கிறது.

மற்றொரு ஆபத்தும் உண்டு. நம் நாட்டில் முன்னாள் மாணவர் சங்கம் என்றால் ஆண்டுக்கொரு விருந்து, நினைவுப் பரிசு, கட்டட நன்கொடை என்றாகிவிட்டது. பெங்களூரிலோ அது முதலீட்டாளர்களும் தொழில்முனைவோரும் கைகுலுக்கும் இடம். கே.வி.பி.ஒய். கூட்டமைப்பும் அமெரிக்காவில் இருப்போர் அமெரிக்காவில் இருப்போருக்கு வேலை தேடித் தரும் சங்கமாக முடிந்தால் அதற்கு அரசு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. சேர்பவர்களுக்கு ஒரு கடமை வேண்டும். ஆளுக்கு ஓர் அரசுப் பள்ளி என்று ஏற்று, ஆண்டுக்கு நான்கு முறையாவது அந்த மாணவர்களுடன் அவர்கள் மொழியில் உரையாட வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைக்கலாம். தமிழில், கன்னடத்தில், ஒடியாவில் என்று தனித்தனிப் பிரிவுகள் இருந்தாக வேண்டும். ஆங்கிலமும் இந்தியும் போதும் என்ற பழைய தவறு இங்கும் தொடரக் கூடாது.

கே.வி.பி.ஒய். முடிந்துபோன கதை, அதற்காக இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். உதவித்தொகைகள் முடிந்துவிடவில்லையே. இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ. 80 ஆயிரம் மதிப்புள்ள உதவித்தொகை இருக்கிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை, 18 மாநிலங்களில் அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் இரண்டரை லட்சம் மாணவிகளுக்கு ஆண்டுக்கு ரூ. 30 ஆயிரம் வழங்கப் போவதாக 2025-ம் ஆண்டு அறிவித்தது. தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டு தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவிகளுக்கு மாதம் ரூ. ஆயிரம் வழங்க வகைசெய்தது. இந்தப் பெண்கள் அனைவருக்கும் வழிகாட்ட, மூத்தவர்கள் தேவைப்படுவார்கள். கே.வி.பி.ஒய். பட்டியலில் உள்ளவர்கள் நாடெங்கும் ஏற்கெனவே இருக்கிறார்கள். கூப்பிடத்தான் ஆள் இல்லை.

தில்லியில் அறிவியல், தொழில்நுட்பத் துறை செய்ய வேண்டியது, அந்த ஆவணங்களைப் பயன்படுத்திக் கூட்டமைப்பை அமைக்க இந்திய அறிவியல் கழகத்துக்கு அதிகாரபூர்வமாக ஒப்புதல் அளித்து, இரண்டு அல்லது மூன்று அலுவலர்களுக்கான ஊதியத்தை ஒதுக்குவது மட்டுமே. பெங்களூர் கழகம் ஆண்டுதோறும் ஒரு நாள் தன் வளாகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறது. பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து ஆய்வகங்களைப் பார்த்துப் போகிறார்கள். முதல் கூட்டத்தை அந்த நாளில் அங்கேயே கூட்டலாம். வர முடியாதவர்கள் இணையவழியில் சேரட்டும்.