நேரம் எவர் தருவது?

முதல் நாவலை எழுத நேரமில்லையே என ஏங்குவோரிடம், "மனமிருந்தால் நேரம் தானே வரும்" என்று உபதேசிப்போர் பலர். இதனை நாம் ஒப்புவதற்கில்லை.

இவர்கள் எடுத்துக்காட்டும் ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிராலப், அஞ்சல் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, அதிகாலை 5.30 மணிக்கு மேசையில் அமர்ந்து, கால் மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதினார். உண்மையே. ஆனால், அவரைத் துயிலெழுப்பிக் காப்பி கொடுக்க ஒரு முதிய பணியாளர் இருந்தார். அதற்கென ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகவும் பெற்றார். தம் வெற்றிக்காக மற்றெவரையும்விட அவருக்கே கடன்பட்டிருக்கலாம் என டிராலப்பே சுயசரிதையில் ஒப்புகிறார். உபதேசிகள் இப்பகுதியை மட்டும் விழுங்கிவிடுவதேன்?

நம் இல்லங்களில் எழுத விழையும் பெண்ணுக்கு அக்காப்பியைக் கொடுப்பவர் யார்? வீட்டார் அனைவருக்கும் கொடுப்பவளே அவளன்றோ! 1938-இலேயே நாகூர் சித்தி ஜுனைதா பேகம் நாவல் வெளியிட்டார். அமெரிக்காவின் டோனி மாரிசன், இரு புதல்வர்களை வளர்த்துக்கொண்டே எழுதிய முதல் நாவலை 1970-இல் வெளியிட்டார். அவை அவர்தம் பெருமை. நாம் கைகட்டி நிற்பதற்குச் சான்றுகள் அல்ல.

நேரம் தானே வருவதன்று. வீட்டார் பகிர்ந்து தருவது. நாளும் ஒரு மணி நேரம் ஆடவர் அடுக்களையை ஏற்கட்டும். உபதேசம் பின்னர் ஆகட்டும்!