இணைந்த பிறகு எதுவரை போகலாம்?

சிங்கப்பூர் மருத்துவக் குழுமமான சிங்ஹெல்த்தில் நடந்த தரவுத் திருட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே நம் துறையினர் கடவுச்சொல் கதைக்குப் போய்விடுவார்கள். ஒரு நிர்வாகக் கணக்குக்கு எவரும் ஊகித்துவிடக்கூடிய கடவுச்சொல் இருந்தது உண்மைதான். ஆனால் 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழு அறிக்கையில் அதைவிடக் கவலை தரும் பக்கங்கள் உண்டு. விபிஎன் அமைத்துத் தருகிறவர்கள் படிக்க வேண்டியவை அவைதாம்.

சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் சிட்ரிக்ஸ் சர்வர்களிலிருந்து மருத்துவப் பதிவுத் தரவுத்தளத்துக்கு ஓர் இணைப்பு திறந்தே கிடந்தது. சில நிர்வாகக் கருவிகளுக்காக விட்டுவைத்த பாதை அது. அதற்கு அவசியமே இல்லை என்றது குழு. நிர்வாகிகளுக்கு இரட்டை அடையாளச் சோதனை இருந்தது, அதைத் தொடாமலே உள்ளே நுழைய வேறு வழிகளும் இருந்தன. அந்தச் சர்வர்களுக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் அத்துமீறி நுழைவதைத் தடுக்க ஃபயர்வால் இல்லை. விளைவு: 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் போயின. அவர்களில் 1.6 லட்சம் பேரின் மருந்து விவரங்களும் சேர்ந்தே போயின. அன்றைய பிரதமர் லீ சியன் லூங் அவர்களில் ஒருவர். தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் சிங்ஹெல்த்துக்கும் அதன் கணினி அமைப்புகளைக் கவனித்த நிறுவனத்துக்கும் சேர்த்து 10 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது.

உள்ளே வந்தவர் எதுவரை போக முடியும் என்ற கேள்வியை முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்தப் பாதை அப்போதே அடைபட்டிருக்கும்.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு நடுத்தரக் கடையை எடுத்துக்கொள்வோம். காலாண்டுப் பொருள் சேவை வரிக் கணக்கைக் கணக்காளர் உட்லண்ட்ஸில் தம் வீட்டிலிருந்தே முடிக்கிறார். அவருடைய மடிக்கணினியில் விபிஎன் கிளையன்ட் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் கடை வலையமைப்பின் முகவரி ஒன்று கிடைத்துவிடும். அவருக்கு வேண்டியது கணக்கு மென்பொருள் மட்டும். கிளையன்ட் இறக்கித் தரும் ரூட் பட்டியலிலோ கடையின் முழு வலையமைப்பும் இருக்கிறது: கல்லாக் கணினி, கேமராப் பதிவுப் பெட்டி, பிரிண்டர், பழைய கோப்புகள் கிடக்கும் சேமிப்புப் பெட்டி. மகன் விளையாட்டு இறக்குவதும் அதே மடிக்கணினியில்தான் என்றால் மீதியை விளக்க வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கொவிட் கிருமி முறியடிப்புத் திட்டம் தொடங்கியபோது அவசரத்தில் கட்டிய அமைப்புகள் பல இப்படிப்பட்டவை. அன்று அவசரம் நியாயம். இன்று அந்தச் சாக்கு செல்லாது.

வலையமைப்பு முழுவதையும் திறக்காமல் வேண்டிய செயலியை மட்டும் திறந்துவிடும் மாற்று வழி புதிதல்ல. 2009 இறுதியில் தாக்குதலுக்கு ஆளான பிறகு கூகுள் தன் ஊழியர்களுக்கு அந்த வழியைக் கட்டத் தொடங்கியது. 2020 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் அதற்கு வழிகாட்டி ஆவணம் வெளியிட்டது. கிளையன்ட் அப்படியே இருக்கும், வழிநடத்தும் முறைதான் மாறும். செயலிக்குப் பக்கத்தில் ஒரு கனெக்டர் உள்ளிருந்து வெளியே இணைப்பை எடுக்கும். வெளியிலிருந்து உள்ளே வர எந்த போர்ட்டையும் திறக்க வேண்டாம். பயனர் யார், கருவி சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு அந்த ஒரு செயலிக்கு மட்டும் போக்குவரத்து போகும். கேமராப் பெட்டி அவர் கண்ணிலேயே படாது.

விபிஎன் பெட்டியை நம்பி உட்கார்ந்திருப்பதும் இனி சரிப்படாது. 2024 ஜனவரியில் இவான்டி விபிஎன் கருவிகளில் ஓட்டைகள் வெளிவந்ததும், அமெரிக்க அரசு அலுவலகங்கள் 48 மணி நேரத்துக்குள் அவற்றைக் கழற்றிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சிங்கப்பூரின் முக்கியக் கட்டமைப்பை யுஎன்சி3886 குழு தாக்கிவருவதாக 2025 ஜூலை 18 அன்று அமைச்சர் கா. சண்முகம் பகிரங்கமாகச் சொன்னார். ரவுட்டர், ஃபயர்வால் போன்ற விளிம்புக் கருவிகளின் ஓட்டைகளைப் பயன்படுத்துவதில் பேர்போன குழு அது.

விற்பனையாளர்கள் சொல்லாததையும் சொல்லிவிடலாம். கனெக்டர் ஓடும் கணினிக்குள் ஒருவர் நுழைந்துவிட்டால் கதை பழையபடிதான். அதைத் தனியாகப் பிரித்துவைத்து, அதிலிருந்து எங்கெல்லாம் போகலாம் என்பதையும் குறுக்க வேண்டும். உள் டிஎன்எஸ் பெயர்களைச் சரியாக அமைக்காவிட்டால் முதல் நாளே உதவி மேசையின் தொலைபேசி ஓயாது. பழைய செயலிகள் சில இதற்கு ஒத்துவராது. அவற்றுக்கு வழக்கமான விபிஎன்னையே வைத்திருக்கலாம், ஆனால் ரூட் பட்டியலில் அந்த ஒரே சர்வரின் முகவரி மட்டும் இருக்கட்டும். பல இடங்களில் புதிதாக எதுவும் வாங்காமல் இந்த ஒரு திருத்தத்தைச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது இந்த இதழின் கருத்து.

2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கு முத்தரப்பு வழிகாட்டி நடப்பில் இருப்பதால், வீட்டிலிருந்து இணைவோர் இருக்கத்தான் செய்வார்கள். வாசகர்கள் அடுத்த பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் ஒவ்வொரு விபிஎன் கணக்கும் தொடக்கூடிய முகவரிகளை ஒரு தாளில் அச்சிட்டு, வாடிக்கையாளரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்துப் பாருங்கள். எதற்கென்று இருவருக்குமே தெரியாத வரியை அன்றே நீக்கிவிடுங்கள்.