கேட்டுவிட்டுத் தொடுங்கள்

பரமத்தி வேலூரிலும் பொத்தனூர், பாண்டமங்கலம் பக்கத்திலும் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைகிற பழைய மனிதர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைவார்கள். தோட்டத்துக்காரரைக் கேட்காமல் ஒரு கொழுந்தைக் கிள்ளமாட்டார்கள். வாழைத் தோப்பிலும் அப்படித்தான். தார் முற்றிவிட்டதா என்று பார்க்க வரும் வியாபாரி, "பாக்கலாமுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் காயில் கை வைப்பான். கொடிக்கும் தாருக்கும் இவ்வளவு மரியாதை வைத்திருக்கிறோம், சந்தோஷம். ஆனால் அந்தத் தோட்டத்து வீட்டிலிருந்து நிறைமாதமாகப் புறப்பட்டு, பாலத்தைத் தாண்டிக் கரூருக்கோ, வடக்கே நாமக்கல்லுக்கோ, சேலத்துக்கோ போய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கிறாளே ஒரு பெண், அவளுக்கு இந்த மரியாதை கிடைக்கிறதா? பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பது என் கட்சி. கிடைத்தே தீரவேண்டும் என்று வாதாடத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசினால் ஒன்றும் விளங்காது. ஒரே ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாள் நெருங்கியும் வலி காணாத கர்ப்பிணிக்கு டாக்டர்கள் செய்கிற காரியம் அது. 'மெம்ப்ரேன் ஸ்வீப்' என்று அதற்குப் பெயர்; பனிக்குடச் சவ்வை விலக்கிவிடுதல் என்று நாம் சொல்லலாம். கையுறை அணிந்த விரலைக் கர்ப்பப்பை வாய்க்குள் செலுத்தி, சவ்வு ஒட்டியிருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சுழற்றுச் சுழற்றி விலக்கிவிடுகிறார்கள். அப்போது அங்கே புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. கர்ப்பப்பை வாய் இளகுகிறது. ஓரிரு நாளில் வலி எடுக்கக்கூடும். புதிய வித்தையும் அல்ல. எடின்பரோ நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1810-லேயே இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மருந்தில்லை, ஊசியில்லை, கட்டிலில் சேர வேண்டியதும் இல்லை. சில நிமிஷ வேலை.

சில நிமிஷ வேலை என்பதனாலேயே யாரும் கேட்பதில்லை. "காலை மடக்கு, செக் பண்ணிப் பார்த்துடலாம்" என்கிறார்கள். அந்தச் 'செக்'கிலேயே இதுவும் நடந்து முடிந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயரும் ஆஸ்பத்திரிப் பெயரும் வேண்டாம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்த பெண் வாராந்தரச் சோதனைக்குப் போனாள். உள்ளே சுரீரென்று வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். வீடு வந்தபின் சாயந்திரம் துணியில் ரத்தம் கண்டது. குழந்தைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவளும் அவள் அம்மாயியும் இரவெல்லாம் அழுதார்கள். விடிந்ததும் ஓடினார்கள். நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னாளாம்: "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? நேத்து டாக்டரம்மா ஸ்வீப் பண்ணிவிட்டாங்க, அம்மிணி. அது அப்படித்தான் இருக்கும்." இரண்டாம் நாள் சுகப் பிரசவம், தாயும் பிள்ளையும் சுகம். வீட்டில் சர்க்கரை கொடுத்தார்கள். அந்த ஓர் இரவைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை. குழந்தை நன்றாகப் பிறந்துவிட்டதே, இன்னும் என்ன பேச்சு என்பது அவர்கள் நியாயம். குழந்தை நன்றாகப் பிறந்தது டாக்டரின் திறமைக்குச் சாட்சி. அவளைக் கேட்காமல் செய்தது சரி என்பதற்கு அது எப்படிச் சாட்சியாகும்?

இந்தக் காரியமே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். இதில் நன்மை இருக்கிறது. 2020-ல் காக்ரேன் குழுவினர் 44 ஆராய்ச்சிகளை, ஏறக்குறைய 7,000 பெண்களின் அனுபவத்தை, ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். சவ்வை விலக்காத பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 60 பேருக்குத் தானாக வலி எடுத்ததென்றால், விலக்கிய பெண்களில் 72 பேருக்கு எடுத்தது. மருந்து வைத்து வலியை வரவழைக்க வேண்டிய நிலை 100-க்கு 31-லிருந்து 23 ஆகக் குறைந்தது. சிசேரியனில் தெளிவான வித்தியாசம் இல்லை. தாய்க்கோ சேய்க்கோ பெரிய கெடுதல் கூடியதாகவும் தெரியவில்லை. கிடைத்த சான்றுகளின் உறுதி குறைவுதான் என்பதையும் அவர்களே எழுதி வைத்தார்கள். நாள் மிகவும் கடந்துபோனால் வயிற்றிலேயே குழந்தை இறக்கும் ஆபத்து கூடுகிறது. அதனால் 41 வாரம் நிச்சயமாக முடிந்த பெண்ணுக்கு மருந்து வைத்து வலி வரவழைக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. அந்த மருந்தும் டிரிப்பும் இல்லாமல் வலி வரட்டும் என்று விரும்புகிற பெண்ணுக்குச் சவ்வு விலக்குதல் ஒரு நல்ல வழி.

மறுபக்கமும் இருக்கிறது. வலிக்கும், சிலருக்கு நன்றாகவே வலிக்கும். கொஞ்சம் ரத்தம் படும். விட்டு விட்டு வலி வந்து, பிரசவமாகாமல், இரண்டு இரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுப் போவதும் உண்டு. எப்போதாவது பனிக்குடம் உடைந்துவிடலாம். நச்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால் இதைச் செய்யவே கூடாது. கர்ப்பப்பை வாய் திறக்காதிருந்தால் செய்ய முடியாமலும் போகும். எல்லாம் செய்தும் பலனில்லாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆக, இரண்டு தட்டிலும் எடை இருக்கிறது. டிரிப்புக்குப் பயந்தவள், "இன்றைக்கே செய்துவிடுங்கள்" என்பாள். 39 வாரம்தான் ஆகிறது, தானும் சுகம், குழந்தையும் நன்றாக அசைகிறது என்கிறவள், "இன்னும் ஒரு வாரம் பொறுக்கிறேன்" என்பாள். இருவர் சொல்வதும் நியாயம். எடை போடவேண்டியவள் அவள். ஏனென்றால் வலியும் அவளுக்கு, காத்திருப்பதும் அவள்.

டாக்டர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அவர்களுடைய முதல் சமாதானம், "அவசர வேலையில் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா?" என்பது. பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கும்போது, தாய்க்கு உதிரம் கொட்டும்போது விவாதம் நடத்தச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? ஆனால் சவ்வு விலக்குதல் அவசரமே இல்லாத காரியம். இன்றைக்குச் செய்தால் நாளையோ மறுநாளோ பலன் தரலாம் என்கிற காரியத்தை, ஒரு நிமிஷம் நின்று கேட்க நேரமில்லாமல் செய்தேன் என்றால் யார் நம்புவது? நாள் இருக்கிறது என்பதனால்தானே இதையே செய்கிறீர்கள்!

இரண்டாவது சமாதானம், "இவர்களுக்குச் சொன்னால் புரியாது, பயந்துவிடுவார்கள்." புரியாதா? எத்தனை நாள் பட்டத்து வாழைக்கு எப்போது தண்ணீர் விடவேண்டும், எந்த வாரம் தார் வெட்டினால் சந்தையில் விலை நிற்கும் என்று கணக்குப் போடுகிறவளுக்கா புரியாது? பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் செய்ததனால் துணியில் கண்ட ரத்தம்தான் அந்தப் பெண்ணை இரவெல்லாம் அழவைத்தது. முன்னாலேயே சொல்லியிருந்தால் அவள் தூங்கியிருப்பாள்.

மூன்றாவது சமாதானம், கூட்டம். அது உண்மை, மறுக்கவில்லை. சரி, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்ப்போம். "அம்மிணி, நாள் ஆயிருச்சு, இன்னும் வலி வரலை. உள்ளே விரலை விட்டுப் பனிக்குடத்தைக் கொஞ்சம் விலக்கிவிட்டா ரெண்டு நாளிலே தானா வலி எடுக்க வாய்ப்பிருக்கு, எடுக்காமலும் போகலாம். கொஞ்சம் வலிக்கும், லேசா ரத்தம் படும். நிறைய ரத்தம் போனாலோ, தண்ணி உடைஞ்சாலோ, குழந்தை அசைவு குறைஞ்சாலோ உடனே வந்துடணும். வேண்டாம்னா பொறுத்துப் பார்க்கலாம். நடுவிலே நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திடறேன். செய்யட்டுமா?" இவ்வளவுதான். உரக்கப் படித்துப் பாருங்கள். ஒரு நிமிஷம் ஆகாது. இங்கிலாந்தில் 2021-ல் வந்த தேசிய வழிகாட்டி நெறி, 39 வாரம் கழிந்தபின் வருகிற பெண்ணிடம் 'இது உனக்கு வேண்டுமா' என்று பேசி, வாய்மொழிச் சம்மதம் பெற்ற பிறகே கை வைக்கச் சொல்கிறது. அங்கேயும் ஆஸ்பத்திரியில் கூட்டம் உண்டு.

வெள்ளைக்காரன் சட்டம் நமக்கு எதற்கு என்பவர்களுக்கு நம் சுப்ரீம் கோர்ட்டையே காட்டுகிறேன். 1995-ல் டில்லியில் ஒரு பெண் சோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டுப் படுத்திருந்தாள். அவள் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கி அவள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரி 16-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. உயிர் காக்கும் அவசரம் இல்லாதபோது, வயது வந்த பெண்ணுக்காக அவள் தாயார்கூடச் சம்மதம் சொல்ல முடியாது என்றது கோர்ட். கர்ப்பப்பை எங்கே, ஒரு விரல் எங்கே என்று கேட்பீர்கள். அளவு வேறு; நியாயம் ஒன்றுதான். 'செக் பண்ண' என்று காலை மடக்கியவள், செக் பண்ணத்தான் சம்மதித்தாள்.

டாக்டர்களை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டுக் குடும்பத்தை விட்டுவிட்டால் அது நடுநிலை ஆகாது. நம் வீடுகளில் பிரசவ நாளைத் தீர்மானிக்கப் பஞ்சாங்கம் இருக்கிறது, மாமியார் இருக்கிறாள், மாமன் இருக்கிறான்; பெறப்போகிறவளைத்தான் காணோம். மூலத்தில் பெண் பிறந்தால் அவள் மாமனாருக்கு ஆகாது, ரோகிணியில் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது, ஆகையால் அதற்குள் 'ஏதாவது செய்து' வலி வரவழையுங்கள் என்று டாக்டரை நெருக்குகிறவர்கள் எத்தனை பேர்! பெரியபுராணத்தில் கோச்செங்கட் சோழர் பிறந்த கதை வருகிறது. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை உலகாள்வான் என்று ஜோசியர்கள் சொல்ல, அரசி கமலவதி தன் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடச் சொன்னாள். நேரம் தள்ளிச் சிவந்த கண்ணோடு பிள்ளை பிறந்தது, பெற்றவள் இறந்தாள். கேட்கவே நடுங்குகிற கதை. அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் கொடுமையைக்கூட அரசி தன் வாயால் சொன்ன பிறகுதான் செய்தார்கள். நம் வீட்டு அரசிகளுக்கு அந்த உரிமையும் இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரியே வேண்டாம், எல்லாம் இயற்கையாக நடக்கும் என்று உபதேசம் செய்கிறவர்கள். 2018 ஜூலையில் திருப்பூரில், வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம் தாய் உதிரம் போய் இறந்தாள். இந்த உபதேசிகளும் பெண்ணுக்குப் பதில் தாங்களே தீர்மானிக்கிறவர்கள்தான். நம் பெண்கள் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன, 45 சிசேரியன். இவ்வளவு நம்பிக்கையோடு வந்து படுக்கிறவளிடம் ஒரு கேள்வி கேட்கக்கூடாதா?

"ஆண்பிள்ளை, கதை எழுதுகிறவன், உனக்கு இதில் என்ன வேலை?" என்றும் கேட்பார்கள். கதை என்பதால்தான் பேசுகிறேன். நம் கதைகளிலும் சினிமாக்களிலும் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும். கணவன் தாழ்வாரத்தில் உலாத்துவான்; டாக்டர் வெளியே வந்து, "தாய் வேண்டுமா, குழந்தை வேண்டுமா?" என்று அவனைக் கேட்பார். பார்க்கிறவர்கள் கண்ணீர் விடுவார்கள். உள்ளே நினைவோடு படுத்திருப்பவளை ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அந்தப் பழக்கம்தான் ஆஸ்பத்திரி அறைவரை வந்திருக்கிறது.

கர்ப்பிணிக்குக் கொடுக்கும் பணத்துக்குத் தமிழ்நாட்டு அரசு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை வைத்திருக்கிறது. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பிறகு சட்டசபையில் பெண்களுக்காகப் போராடியவர் அவர். அந்தப் பணத்துக்காக ஆதார், பாங்குப் புத்தகம், பதிவு எண் என்று எத்தனை கேள்வி கேட்கிறோம்! இன்னும் ஒரு கேள்வி கேட்பதால் சர்க்கார் மூழ்கிவிடாது. கேட்டதற்கு அடையாளமாகக் கேஸ் சீட்டில் ஒரே ஒரு வரி எழுதட்டும்: 'கேட்டேன், செய்யச் சொன்னாள்.' அல்லது, 'கேட்டேன், பொறுக்கிறேன் என்றாள்.' எந்த வரியாக இருந்தாலும் அது நல்ல வைத்தியம்தான்.