காற்றுக்குமிழிக்கு மதிப்பெண் உண்டா?

புதுச்சேரிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கு,

ஆய்வகத்தில் எழும் சிரிப்பைப் பற்றித் தங்களுக்கு மடல் எழுதுவது வழக்கமன்று. எனினும் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்கள் உயிரியல் செய்முறை வகுப்பில் செய்யும் பிழைகளில், எதற்கு மதிப்பெண் குறைகிறது, எதற்குக் கிடைக்கிறது என்பது சிரித்துவிட்டு மறக்கக்கூடியதன்று.

வைக்கோல் ஊறலை எடுத்துக்கொள்ளலாம். குளத்து நீரில் வைக்கோலைச் சில நாள் ஊறவிட்டால் பாக்டீரியாக்கள் பெருகும்; அவற்றைத் தின்று, உடலெங்கும் குற்றிழைகள் எனப்படும் நுண்மயிர்களால் நீந்தும் பரமேசியம் என்ற ஒரு செல் உயிரியும் பெருகும். நெல் விளையும் பாகூரில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லாததால் மாணவர் தாராளமாகவே ஊறவைக்கின்றனர். மூடியைத் திறந்ததும் வகுப்பில் பாதி வராந்தாவுக்கு வந்துவிடுகிறது. எஞ்சியவர்க்குத் துரத்தல் தொடங்குகிறது. கூட்டு நுண்ணோக்கி பிம்பத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் காட்டுவதால், இடப்புறம் ஓடும் பரமேசியத்தைப் பிடிக்க ஸ்லைடை வலப்புறம் தள்ளும் மாணவர் அதனைப் பார்வைப் பரப்பிலிருந்தே விரட்டிவிடுகிறார். இரண்டு பஞ்சிழைகளை இட்டு அதன் வேகத்தைத் தடுக்கலாம் என்பது பெரும்பாலும் மணி அடிக்கும்போதுதான் நினைவுக்கு வரும். அதற்குள் வேறொருவர், கறுத்து வளைந்த புதிய உயிரியொன்று அசைவதாக அறிவிப்பார். அவர் கண் சிமிட்டும்போதெல்லாம் அசையும் அவ்வுயிரி அவருடைய இமைமயிரே.

இவற்றுள் மிகவும் பரவலானது காற்றுக்குமிழி. கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்காமல் சட்டென வைத்தால் காற்று உள்ளே சிக்குகிறது. நீருக்கும் காற்றுக்கும் ஒளிவிலகல் வேறுபடுவதால் குமிழியின் விளிம்பு தடித்த கறுப்பு வளையமாகத் தெரிகிறது. மாணவர் அதனைச் செல் என்றெண்ணி, வளையத்துக்குச் செல்சுவர் என்று பெயரிட்டு ரெக்கார்டு நோட்டில் வரைகிறார். சிவப்பு மையில் ஒரு பெருக்கற்குறி விழுகிறது. அடுத்த மேசையிலிருப்பவரோ நுண்ணோக்கியில் கண் வைக்காமலே, வெங்காயத் தோலின் செல்லுக்குள் ரிபோசோம்களைப் புள்ளிபுள்ளியாக வைத்து முழு மதிப்பெண் பெறுகிறார். ரிபோசோமின் குறுக்களவு ஏறத்தாழ 25 நானோமீட்டர். ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய எல்லையோ ஏறத்தாழ 200 நானோமீட்டர். 1955இல் ஜார்ஜ் பலாடே எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால் விவரித்த துகள்களைக் கல்லூரிக் கருவியில் ஒருவர் கண்டாரென்றால், ஒன்று அது உலகச் சாதனை, இல்லையேல் பாடநூலின் நகல். குமிழியை வரைந்தவர் பிழையாகப் பெயரிட்டாலும் கண்டதை வரைந்தார். மற்றவர் காணாததை வரைந்தார்.

விலங்குகளை அறுக்கும் செய்முறைகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் தடை விதித்தபின், நுண்ணோக்கியும் களப்பார்வையும் முன்னிலும் முக்கியமாகிவிட்டன; ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் அருகிலிருக்க, ஆகாயத்தாமரையைக் கரும்பலகையில் பார்த்து வரையவேண்டியதில்லை.

ஆகவே செய்முறை மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, பாடநூல் படத்துக்கன்றி, மாணவர் தம் கண்ணால் கண்டு தேதியிட்டு வரைந்த படத்துக்கும், அது குமிழியாயின் குமிழி என அவரே பின்னர் திருத்தி எழுதும் குறிப்புக்கும் ஒதுக்குமாறு தங்களை வேண்டுகிறது இம்மடல். பாகூரின் வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அன்றைய உயர்கல்வி நிலையத்துக்கு, ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் செப்பேடு சொல்கிறது. இங்கே கோரப்படுவது ரெக்கார்டு நோட்டில் ஒரு பத்தி மட்டுமே.