கரடிக் காட்டில் "அரோகரா!"

ராமேசுவரம் கடற்கரையில் கரடி கிடையாது. ஆனால் கடலைத் தாண்டினால் உண்டு!

தனுஷ்கோடி முனைக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். 1964 டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை இரண்டு ஊர்களுக்கும் இடையே கப்பல் ஓடியது. அதில் போனவர்களில் கதிர்காம முருகனைத் தரிசிக்கப் போனவர்களும் உண்டு.

இலங்கைத் தமிழர்கள் பலர் இன்றும் கதிர்காமத்துக்கு நடந்தே போகிறார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரை ஓரமாக உகந்தை முருகன் கோவிலுக்கு வருகிறார்கள். அதற்கு அப்பால் குமண, யால என்ற பெருங்காடுகள். திருவிழாக் காலத்தில் மட்டும் அந்தக் காட்டுப் பாதையைத் திறந்து விடுவார்கள். நாலைந்து நாள் நடை. இரவில் மரத்தடியிலும் ஆற்றங்கரையிலும்தான் படுக்கை. பெண்களும் முதியவர்களும் வருகிறார்கள்.

கரடி ஏன் பாய்கிறது?

அந்தக் காட்டில் யானை உண்டு. சிறுத்தை உண்டு. கரடியும் உண்டு. பக்தர்கள் நடக்கும் ஆனி, ஆடி மாதங்களில்தான் பாலைப் பழம் பழுக்கிறது. கரடிக்கு அது விருந்து. மரத்தில் ஏறியும் தின்னும். கீழே விழுந்ததையும் பொறுக்கும். மற்ற நாட்களில் கறையானும் தேனும் அதன் உணவு. மனிதனைத் தின்பதற்காக அது வருவதில்லை.

பிறகு ஏன் பாய்கிறது? பயத்தால்!

கரடிக்குக் கண்பார்வை குறைவு. புற்றைத் தோண்டிக் கறையானை உறிஞ்சும்போது, பக்கத்தில் ஆள் வருவதையே அது கவனிக்காது. திடீரென்று எதிரே ஆள் நின்றால் மிரண்டு பாயும். தாய்க்கரடி முதுகில் குட்டியைச் சுமந்து வந்தால் கேட்கவே வேண்டாம். அதன் நகம் 3 அங்குல நீளம் இருக்கும். ஒரே அடியில் முகத்தைக் கிழித்துவிடும்.

குரலே காவல்

கூட்டமாக நடப்பதும், "அரோகரா" என்று குரல் கொடுப்பதும் பக்தர்களின் வழக்கம். அது பக்தி மட்டும் அல்ல, பாதுகாப்பும்கூட. தூரத்திலேயே குரல் கேட்டால் கரடி விலகிப் போகும். அதற்கு வழியும் கிடைக்கிறது; அவகாசமும் கிடைக்கிறது.

ஆனால் எந்தக் கூட்டத்திலும் அவசரக்காரர் சிலர் உண்டு. மற்றவர்களை விட்டுவிட்டு முன்னே ஓடுவார். இருட்டில் தனியாகப் புதருக்குள் ஒதுங்குவார். கைப்பேசியில் படம் பிடிக்கக் கரடியின் அருகே போவார். மிச்சச் சோற்றைப் படுக்கும் இடத்திலேயே கொட்டுவார். ஆபத்தை அழைப்பது கரடி அல்ல, இவர்கள்தான்.

இரண்டு நண்பர்களும் கரடியும் என்ற கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதில் ஒருவன் மரத்தில் ஏறித் தப்பினான். நம் நாட்டுக் கரடியிடமும் இலங்கைக் கரடியிடமும் அது பலிக்காது. இரண்டுமே நன்றாக மரம் ஏறும்! ஓடினாலும் பயன் இல்லை. மனிதனைவிட அது வேகமாக ஓடும். கரடியைத் தூரத்தில் கண்டால், அமைதியாகப் பின்வாங்க வேண்டும். மேலே விழுந்துவிட்டால், குப்புறப் படுத்துக் கழுத்தையும் தலையையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும்.

யார் வீட்டில் யார் விருந்து?

ஆபத்து என்றதும், "பாதையை மூடு" என்பார் ஒருவர். "கரடியைச் சுடு" என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. பாதையை மூடினால் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் போய்விடும். கரடியைச் சுட்டால் அந்த இனமே போய்விடும். இலங்கையில் இருப்பவை ஆயிரத்துக்கும் குறைவு என்றே மதிப்பிடுகிறார்கள்.

காடு கரடியின் வீடு. அங்கே மனிதன் விருந்தாளி. பிறர் வீட்டுக்குள் நுழைகிறவன் வாசலில் குரல் கொடுக்கிறான் அல்லவா? காட்டுக்கும் அதே மரியாதைதான். பகலில் நடக்க வேண்டும். சேர்ந்து நடக்க வேண்டும். குரல் கொடுத்து நடக்க வேண்டும்.

கதிர்காமத்துக்கு மட்டும் அல்ல. மேற்கே சதுரகிரி மலை ஏறுகிறவர்களுக்கும் இதுவே வழி. தாமதமாகப் போனாலும் இறைவன் அங்கேதான் இருப்பான். போனவர் முழுதாக வீடு திரும்புவதே முக்கியம்!