நனைந்த தானியமும் கழுவிய காரும்

 

இறைச்சி ஹலாலா என்று கடைக்காரரிடம் பலமுறை கேட்கும் நாம், வியாபாரம் ஹலாலா என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை. இந்த முரண்பாடு மிக வெளிப்படையாகத் தெரியும் இடம் பழைய கார் வியாபாரம். "நம்ம பாய்தான், நம்பி எடுங்க" என்ற ஒரு சொல்லில் பல இலட்சம் ரூபாய் கைமாறுகிறது. ஆர்.சி. புத்தகத்தைக் காட்டச் சொன்னால் விற்பவரின் முகம் சுருங்குகிறது. மெக்கானிக்கை அழைத்து வந்தால், "சந்தேகப்படுகிறீர்களா?" என்கிறார். வாங்கிய பின்னர் குறை வெளிப்பட்டாலோ, "பார்த்துத்தானே எடுத்தீர்கள்?" என்கிறார். விற்கும் முன் பார்க்க விடாமல் தடுப்பதும், விற்ற பின் பார்த்ததாகச் சொல்லித் தப்பிப்பதும் ஒரே வாய்தான். இதற்கு மார்க்கச் சாயம் பூசப்படுவதை இனியும் பொறுத்துக்கொள்ள இயலாது.

ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சியை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் தம் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. விளக்கம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. நனைந்ததை அடியில் வைத்ததே அவருடைய குற்றம்.

இந்த ஹதீஸ் நம் காலத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. அதே மாதத்தின் நடுவில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. நம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இத்தகைய வெள்ளங்களில் மூழ்கும் வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடுவதில்லை. கழுவித் துடைத்து, இருக்கைக்குப் புதிய உறை போட்டு, நறுமணம் தெளித்துச் சந்தைக்குக் கொண்டுவரப்படுவனவும் உண்டு. வெள்ளம் வந்தது அல்லாஹ்வின் நாட்டம். அதை மறைத்து விற்பது மனிதனின் மோசடி. அது குவியலுக்கு அடியில் வைக்கப்பட்ட அதே ஈரத் தானியம்தான்.

அந்த ஈரம் சும்மா இருப்பதில்லை. மின்கம்பி இணைப்புகளிலும் கணினிப் பெட்டியிலும் புகுந்த நீர் மாதங்கள் கழித்தும் துருவை உண்டாக்கும். நெடுஞ்சாலையில் வண்டி திடீரென நின்றுவிடலாம். விபத்தின்போது காற்றுப்பை விரியாமலும் போகலாம். மறைக்கப்படுவது குறை மட்டுமன்று, ஒரு குடும்பத்தின் உயிருக்கான ஆபத்தும்கூட.

அடுத்தது மீட்டரைக் குறைத்தல். ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டியை நாற்பதாயிரம் என்று காட்டும்படி மாற்றுவது தொழில் தந்திரம் என்று சிலர் சிரித்துக்கொண்டே சொல்கின்றனர். அளவில் மோசடி செய்வோருக்கு எதிராக அல்லாஹ் ஒரு தனி அத்தியாயத்தையே, 'அல்முதஃப்பிஃபீன்' என்ற பெயரில் இறக்கியுள்ளான். தராசின் முள்ளைச் சாய்ப்பவனுக்கும் ஓட்டமானியின் எண்ணைத் திருத்துபவனுக்கும் என்ன வேறுபாடு?

"சக முஸ்லிமைச் சந்தேகிப்பது பாவம் அல்லவா?" என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: தீய எண்ணம் கொள்வது வேறு, பொருளை ஆராய்வது வேறு. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும், சாட்சிகளை ஏற்படுத்துவதையும் பற்றியது. அது இறைநம்பிக்கையாளர்களை அழைத்தே பேசுகிறது. எழுதுவது சகோதரத்துவத்துக்கு இழுக்கு என்றால், அல்லாஹ் அதைக் கட்டளையிட்டிருப்பானா?

ஹதீஸ்கலை அறிஞர்கள் ஓர் அறிவிப்பாளரின் வாய்மையையும் நினைவாற்றலையும், அவர் யாரிடம் எப்போது கேட்டார் என்பதையும் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். அதைச் சந்தேகம் என்று சமுதாயம் இகழவில்லை. அமானிதம் என்று போற்றியது. வாகனத்துக்கும் கைமாறி வந்த ஒரு தொடர் உண்டு. அதை ஆராய்வதில் வெட்கம் எதற்கு?

ஆகவே வாங்குபவர் செய்ய வேண்டியவற்றைத் தெளிவாகச் சொல்கிறோம். ஆர்.சி. புத்தகத்திலுள்ள இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டிருப்பவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் நிலுவையில் உள்ளதா என்பனவற்றை அரசின் எம்பரிவாகன் செயலியில் சரிபாருங்கள். கடன் தீர்ந்தது என்று விற்பவர் சொன்னால், வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் கையில் இருக்க வேண்டும். அடைமானத்தில் இருக்கும் பொருளை அடைமானம் பெற்றவரின் அனுமதியின்றி விற்கலாகாது என்பது ஃபிக்ஹின் சட்டமும்தான்.

காப்பீட்டுப் பத்திரத்தில் 'நோ கிளைம் போனஸ்' எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். ஒரே உரிமையாளரிடம் பல ஆண்டுகள் இருந்த வண்டிக்கு அது பூஜ்யமாக இருந்தால், முந்தைய ஆண்டில் இழப்பீடு பெறப்பட்டதா என்று காரணம் கேளுங்கள். சர்வீஸ் பதிவேட்டில் தேதிவாரியாக எழுதப்பட்டுள்ள கிலோமீட்டர் கணக்கை மீட்டரோடு ஒப்பிடுங்கள். எண் குறைவாக இருந்தும் பிரேக் மிதியின் ரப்பரும் ஸ்டீயரிங்கும் தேய்ந்து வழவழத்திருந்தால், எது பொய் சொல்கிறது என்று விளங்கிவிடும்.

சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பாருங்கள்; சேற்றுக் கறை அதன் அடிப்பகுதியில் தங்கியிருக்கலாம். ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் இருக்கைகளின் அடியிலும் வண்டலோ துருவோ உள்ளதா என்று கவனியுங்கள். பானெட், மட்கார்டு போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால், அவை ஏன் கழற்றப்பட்டன என்று கேளுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது உங்கள் கண்முன்னே இயக்கச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். இவை அனைத்துக்கும் மேலாக, விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது.

ஆனால் வாங்குபவர் ஆராய வேண்டும் என்பதால் விற்பவரின் பொறுப்பு குறைந்துவிடாது. "உள்ளது உள்ளபடி விற்கிறேன், பிறகு குறை சொல்லக் கூடாது" என்ற நிபந்தனையைச் சிலர் கேடயமாகப் பிடிக்கின்றனர். தெரிந்த குறையை மறைப்பதற்கு எந்த மத்ஹபும் அனுமதி தரவில்லை. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், தெரிந்தே மறைத்த குறையிலிருந்து அந்த நிபந்தனை விற்பவரை விடுவிப்பதுமில்லை.

தரகர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒரு சொல். வாஸிலா பின் அல்அஸ்கஃ (ரலி) அவர்களைப் பற்றி முஸ்னது அஹ்மதில் ஒரு செய்தி உள்ளது. ஒருவர் ஒட்டகம் ஒன்றை வாங்கிக்கொண்டு புறப்பட்டபோது, வாஸிலா அவர்கள் விரைந்து சென்று அதன் பாதத்தில் உள்ள குறையை அவரிடம் தெரிவித்தார்கள். வியாபாரத்தைக் கெடுக்கிறீர்களே என்று விற்றவர் வருந்தியபோதும், தெரிந்தவர் அதைச் சொல்லாமல் இருப்பது ஆகாது என்ற நபிமொழியையே பதிலாக எடுத்துரைத்தார்கள். "நமக்கு எதற்கு வம்பு?" என்று வாய்மூடி நிற்பவர்கள் இதைச் சிந்திக்கட்டும். இப்படி எச்சரிப்பது புறம்பேசுதல் ஆகாது என்பதை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள்.

விற்பவரே, உங்கள் நலனுக்காகவும் ஒன்று. படிவம் 29, 30 ஆகியவற்றில் கையொப்பமிட்டுக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். பெயர் மாற்றப்படாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் பெயருள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பெயர் மாறும் வரை கூடவே நில்லுங்கள்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு வழக்கம் உருவாக வேண்டும் என்பதே நம் கோரிக்கை. வண்டி விற்பவர், தமக்குத் தெரிந்த விபத்து, வெள்ளம், பழுது, கடன் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, இரு சாட்சிகளுடன் கையொப்பமிட்டுக் கொடுக்கட்டும். விலை சில ஆயிரம் குறையலாம். ஆனால் விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்றும் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களின் அறிவிப்பு நமக்குக் கற்பிக்கிறது. குறைந்த விலையில் பரக்கத்தா, கூடிய விலையில் அதன் அழிவா? தேர்வு நம் கையில்தான் உள்ளது.

ஈரத்தை மேலே வைத்து விற்கும் துணிவை அல்லாஹ் நம் வியாபாரிகளுக்கும், கையை உள்ளே நுழைத்துப் பார்க்கும் விழிப்பை வாங்குவோருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.