பொட்டலத்தைக் குறை கூறுமுன் அடுக்களையைக் கேட்போம்

சில மாதங்களுக்கு முன் கால் வீக்கமும் மூச்சுத்திணறலுமாக ஒரு பெரியவர் எங்கள் சிறுநீரகப் பிரிவில் சேர்க்கப்பட்டார். நான்கு ஆண்டுகளாக என்னிடம் சிகிச்சை பெறுபவர், மாத்திரைகளைத் தவறவிடாதவர். "ஊறுகாய், அப்பளம், கருவாடு எதையுமே வீட்டில் சேர்ப்பதில்லை, டாக்டர். பிறகு ஏன் இப்படி ஆயிற்று?" என்று அவருடைய மனைவி கேட்டார்.

இரவு உணவைப் பற்றி விசாரித்தபோதுதான் விடை கிடைத்தது. மகனும் மருமகளும் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களிலிருந்து கோவிலம்பாக்கம் வந்து சேர இரவு ஒன்பது மணி ஆகிவிடும். அம்மையாருக்கு மூட்டுவலி, அடுப்பருகே நெடுநேரம் நிற்க இயலாது. ஆகவே வாரத்தில் நான்கு நாட்கள் உறைநிலையில் விற்கப்படும் பொட்டல உணவுதான். ஒருநாள் பரோட்டா, மறுநாள் ராஜ்மாவும் சீஸும் வைத்துச் சுருட்டிய மெக்சிகோ பாணி பர்ரிட்டோ. "பயறுதானே, எண்ணெயில் பொரிப்பதுகூட இல்லையே என்று நினைத்தோம்" என்றார்.

அவர் மீது எனக்குக் குறையில்லை. குறை என் மீதுதான். "உப்பைக் குறையுங்கள்" என்று நான்கு ஆண்டுகளாக எழுதிக் கொடுத்தேனே தவிர, அந்த வீட்டில் இரவில் யார் சமைக்கிறார்கள் என்று ஒருமுறையும் நான் கேட்டதில்லை. கடை உணவைத் தவிருங்கள் என்பது பாதி அறிவுரைதான். அதற்கு மாற்றாக எதை, யார், எப்போது செய்வது என்பதே மீதிப் பாதி. அதைச் சொல்லாத மருத்துவர் தம் கடமையை முடித்தவராகமாட்டார் என்பது என் கருத்து.

முதலில் ஒரு தெளிவு. உறையவைத்தல் தீங்கானதன்று. கடுங்குளிரில் நுண்ணுயிர்கள் பெருகா. ஆகவே உணவு கெடாமலிருக்க அதில் மிகையான உப்பைச் சேர்க்கத் தேவையில்லை. பொட்டலத்தில் உப்பும் கொழுப்பும் மிகுவது பெரும்பாலும் சுவைக்காகத்தான். வளர்ந்தோர் ஒரு நாளில் 2,000 மில்லிகிராமுக்கும் குறைவாகவே சோடியம் கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது 5 கிராம் உப்பு, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. உறையின் பின்புறத்தில் 100 கிராமுக்கு 500 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால், 200 கிராம் எடையுள்ள ஒரு சுருளில் 1,000 மில்லிகிராம் இருக்கும். இரண்டு உண்டால் அன்றைய அளவு முழுவதும் அந்த ஒரு வேளையிலேயே தீர்ந்துவிடும். காலை இட்லிக்கும் மதியக் குழம்புக்கும் இடமே இல்லை. மேலும், பதப்படுத்திய சீஸில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகள் சிறுநீரக நோயாளிகளுக்குத் தனிச்சுமை.

மெக்சிகோ உணவு என்றதும் அந்நியமாகக் கருத வேண்டியதில்லை. நம் அடுக்களையிலுள்ள மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், ராஜ்மா ஆகியவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து நம்மிடம் வந்தவைதாம். கோதுமை டார்ட்டிலா நம் சப்பாத்திக்கு நெருங்கிய உறவு. அந்த மெக்சிகோவிலேயே, உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த பொட்டல உணவுகளின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரையை 2020 அக்டோபர் முதல் கட்டாயமாக்கினார்கள். நம் நாட்டில், பரோட்டா உள்ளிட்ட இந்திய ரொட்டி வகைகளுக்கு இருந்த 18 விழுக்காட்டுச் சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. விலை குறைவது நன்றே. ஆனால் வரி குறைந்ததால் பொட்டலத்திலுள்ள உப்பு குறைந்துவிடவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

அப்படியானால் மாற்று என்ன? ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால், அதே சுருளை வீட்டிலேயே செய்து உறைபெட்டியில் அடுக்கிவிடலாம். எட்டுச் சுருள்களுக்கு ஒரு குவளை ராஜ்மா போதும். அதனை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டு, புதிய நீரில் குக்கரில் மசியும் அளவுக்கு வேகவிடுங்கள். சரியாக வேகாத ராஜ்மாவிலுள்ள லெக்டின் என்னும் புரதம் கடும் வாந்தியை உண்டாக்கும்; ஆகவே இதில் அவசரம் கூடாது. இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் சீரகம், பூண்டு, வெங்காயம், காய்ந்த மிளகாய், தக்காளி, குடைமிளகாய் ஆகியவற்றை வதக்கி, மசித்த ராஜ்மாவைச் சேர்த்து நீர் வற்றும்வரை கிளறுங்கள். மொத்தத்துக்கும் அரைத் தேக்கரண்டி உப்பு போதும். சப்பாத்தி மாவில் உப்பே வேண்டாம். இறக்கியபின் எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லியும் சேர்த்தால், உப்பின் குறை நாவுக்குத் தெரியாது. இவ்வாறு செய்தால் இரண்டு சுருள்களில் நீங்கள் சேர்த்த உப்பு 1 கிராமுக்கும் குறைவு. ராஜ்மாவுக்குப் பதில் காராமணியும் பொருந்தும். சீஸுக்குப் பதிலாக, உண்ணும்போது சிறிது கெட்டித்தயிர் போதும்.

சுருள்களை ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் தேதியிட்டு உறையவையுங்கள். ஒரு மாதத்துக்குள் உண்டுவிடுங்கள். உண்ணுமுன் தோசைக்கல்லில் உள்வரை ஆவி பறக்கச் சூடாக்குங்கள். ஒருமுறை உருகியதை மீண்டும் உறையவைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் தென்புறநகர்ப் பகுதிகள் பலவற்றில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய வேளையில் உருகிக் கிடந்த உணவை, மனம் கேளாவிட்டாலும் கொட்டிவிடுவதே நலம்.

ஓர் எச்சரிக்கையையும் கூற வேண்டும். பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு ராஜ்மாவும் தக்காளியும் அளவோடுதான் ஆகும். பயறு வெந்த நீரையும் வடித்துவிடுவதால் பொட்டாசியம் ஓரளவு குறையும். ஆயினும் உங்களுக்குரிய அளவை உணவியல் வல்லுநரிடம் கேட்டறியுங்கள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடைகளில் கிடைப்பவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியமே சேர்க்கப்படுகிறது. சிறுநீரகம் பழுதுற்றவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதனைத் தொடவே கூடாது.

இனி, யார் செய்வது என்ற கேள்வி. நோயாளியின் உணவு பற்றிய அறிவுரை முழுவதையும் நாங்கள் வீட்டுப் பெண்களிடமே சொல்லி அனுப்புகிறோம். மூட்டுவலியுள்ள அந்த அம்மையாரின் தோளில் இன்னொரு வேலையை ஏற்றுவது மருத்துவமாகாது. அவருக்கு அந்தப் பொட்டலம் ஓர் ஓய்வாக இருந்தது. அதைப் பறிப்பதானால் வேறோர் ஓய்வைத் தர வேண்டும். பயறு கழுவுவதும் மாவு பிசைவதும் சுருள் சுற்றுவதும் மகனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய வேலைகள். அவரை வெளிநோயாளர் அறைக்கு அழைத்து, இந்தச் செய்முறையை நேரில் எழுதிக் கொடுத்தேன். ஞாயிறுதோறும் அவரும் மருமகளுமாகச் செய்து வைப்பதாக, அடுத்த முறை வந்த பெரியவர் சொன்னார். கால் வீக்கம் வடிந்திருந்தது. உப்புச் சுவை போதவில்லை என்ற குறையையும் அவர் சொல்லத் தவறவில்லை; அது சில வாரங்களில் பழகிவிடும் என்றேன்.

என்றோ ஒருநாள் பொட்டலத்தைப் பிரிக்க நேர்ந்தால் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம். சோடியம் எவ்வளவு என்று படித்துவிட்டுப் பிரியுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மாத்திரை அட்டைகளோடு, வீட்டில் வழக்கமாக வாங்கும் உணவுப் பொட்டலங்களின் வெற்றுறைகளையும் எடுத்து வாருங்கள். சேர்ந்தே படித்துப் பார்ப்போம். உங்கள் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பதையும் இம்முறை நான் மறவாமல் கேட்பேன்.